நூலகர் எழுதிய பாயிரம்

நன்னூல் பயின்ற எவரும் பொதுப்பாயிரம் கூறும் ஐந்தினை அறிவர். நூலின் இயல்பு, ஆசிரியனின் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கனின் இயல்பு, பாடம் கேட்கும் முறை என்னும் அவ்வைந்தினுள் கல்வியின் பெரும்பகுதி அடங்கிவிடுகின்றது. எனினும் அவ்வைந்தினுள் அடங்காத ஒருவன் உளன். நூலை ஈட்டி, அடுக்கி, காத்து, வேண்டுவோர் கையில் வேண்டும்பொழுது சேர்ப்பிப்பவனே அவன். ஏடு அரிதாயிருந்த காலத்தில், ஆசிரியனே ஏட்டையும் காத்தான். ஆதலின் அவனுக்கெனத் தனி இலக்கணம் வேண்டப்படவில்லை. அச்சுப்பொறி வந்து நூல்கள் பெருகிய பின்னர், அவ்விலக்கணம் இன்றியமையாததாயிற்று. அதனை எழுதியவர் ஒரு தமிழர். எழுதிய மொழியோ ஆங்கிலம். சீர்காழியில் 1892 இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ என்னும் நூலே அது.

இந்நூலின் பெயரை உலகெங்கும் உள்ள நூலகர்கள் அறிவர். ஆனால் நூலகரல்லாதார் இதனைப் பயில்வது அரிது. புலவர் எழுதியதை ஆராய்வோர் பலர்; நூலகர் எழுதியதை ஆராய்வோர் சிலர். தொழில் நூல் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் தமிழாசிரியரே நூலகராகவும் இருந்து வருவதால், இந்நூல் அவர்க்கு அயலார் தொழில் பற்றியதன்று. ஆகவே, இதனை ஓர் எழுத்தாகவே கொண்டு, இதன் நலமும் குறையும் நாடுதல் பொருத்தமாகும்.

நூலகர் எழுத்து என்னும் மரபு

நூலகர் தம் தொழில் குறித்து எழுதுதல் புதியதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கல்லிமாக்கசு என்னும் கவிஞர், அங்கிருந்த ஏடுகளுக்கு ஆசிரியர் வரலாற்றோடு கூடிய பெரும் பட்டியல் ஒன்றை வகுத்தார். 1627 இல் பிரான்சு நாட்டுக் கபிரியேல் நோதே, நூல்நிலையம் அமைப்பதற்கு அறிவுரை கூறும் சிறுநூலொன்றை வெளியிட்டார். 1876 ஆம் ஆண்டு இத்துறையில் மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டிலேதான் அமெரிக்க நூலகர் சங்கம் பிலடெல்பியாவில் தோன்றியது. மெல்வில் டூயி தமது பதின்ம வகைப்பாட்டை வெளியிட்டார். நூலகர்களுக்கென ஓர் இதழும் தொடங்கப்பெற்றது. அன்றுமுதல் ஒரு நூலகர் கண்டதை மற்றொரு நூலகர் படித்து, மறுத்தோ வளர்த்தோ எழுதுவது வழக்கமாயிற்று. ஒருவர் சிதறியதை அடுத்தவர் தொகுப்பார். அவர் தொகுத்ததை அதற்கடுத்தவர் தம் முறை வந்தபொழுது திருத்துவார்.

இவ்வாறு எழுந்த எழுத்தில் பெரும்பகுதி செய்முறை பற்றியது. அட்டை எவ்வளவு அகலம் இருத்தல் வேண்டும், அலமாரி எவ்வளவு உயரம் இருத்தல் வேண்டும், இரவல் கணக்கை எவ்வாறு எழுதுதல் வேண்டும் என்பன போன்றவை அவை. பயனுடையவையே, ஆயினும் இவையெல்லாம் எதற்காக என்னும் வினா அவற்றுள் பெரும்பாலும் எழுவதில்லை. அவ்வினாவை எழுப்பி, விடையையும் ஐந்தே தொடர்களில் அடக்கியதே இரங்கநாதன் செய்த செயல்.

கணக்காசிரியர் நூலகரானது

இரங்கநாதன் நூலகராக வேண்டுமென்று வளர்ந்தவர் அல்லர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று, மங்களூர், கோயமுத்தூர், சென்னை ஆகிய இடங்களில் கல்லூரி ஆசிரியராக விளங்கியவர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்தார். மாணவர் நிறைந்த வகுப்பறையை விட்டு ஆளரவமற்ற நூலறைக்கு வந்த அவருக்கு அத்தனிமை பொறுக்கவில்லை. மீண்டும் ஆசிரியப் பணிக்கே செல்ல விரும்பினார். இலண்டன் சென்று வந்த பின்னர் முடிவு செய்யலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. இலண்டனில் பெர்விக் சேயர்சு என்னும் நூலகப் பேராசிரியரிடம் பயின்றதும், இங்கிலாந்து நாட்டின் பல நூல்நிலையங்களை நேரிற் கண்டதும் அவருடைய உள்ளத்தை மாற்றிவிட்டன. தொழிலாளரும் சிறுவரும் அங்கு நூல்நிலையத்தைத் தம் உடைமைபோலப் பயன்படுத்தியதை அவர் கண்டார். திரும்பி வந்தவர் அதன்பின் வேறு பணியை நாடவில்லை.

கண்டவை பல, அவற்றையெல்லாம் கோக்கும் நூல் ஒன்று வேண்டுமென்பது கணித அறிஞராகிய அவருடைய ஏக்கம். ஒருசில அடிப்படைகளிலிருந்து எல்லாவற்றையும் வருவித்தல் இயலாதா என்று எண்ணினார். 1928 இல் அவருடைய பழைய கணித ஆசிரியர் எட்வர்டு ராசு என்பார், இவர் படும் பாட்டைக் கேட்டு, முதல் விதியை ஒரு சிறு தொடராகச் சொல்லிவிட்டுப் போனார் என்பதும், ஏனைய நான்கும் அதனைத் தொடர்ந்து உருவாயின என்பதும் இரங்கநாதன் தாமே கூறிய வரலாறு. மூன்றாண்டு கழித்துச் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக நூல் வந்தது. சர் பி. எஸ். சிவசாமி ஐயர் அணிந்துரையும், பெர்விக் சேயர்சு அறிமுகவுரையும் வழங்கினர்.

விதிகளின் பொருள்

நூல் பயன்படுவதற்கென்றே உள்ளது என்பது முதல் விதி. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் நேரம் வீணாகாதபடி காத்தல் வேண்டும் என்பது நான்காவது. நூல்நிலையம் உயிர்ப்பொருள்போல வளரும் இயல்பினது என்பது ஐந்தாவது.

இவற்றைப் படித்தவுடன், இவை யாரும் அறிந்தவையே என்று கூறத் தோன்றும். அவ்வாறு கூறியோரும் உளர். ஆனால் ஒரு விதியின் அருமை, அது எதனை விலக்குகின்றது என்பதைக் கண்டால்தான் விளங்கும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களை அடுக்கோடு இரும்புச் சங்கிலியால் பிணைத்து வைத்தனர். இங்கிலாந்தின் எரிபோர்டு தேவாலயத்தில் அத்தகைய நூல்நிலையத்தை இன்றும் காணலாம். இரங்கநாதனும் முதல் விதியைச் சங்கிலியிலிருந்தே தொடங்குகின்றார். சங்கிலி போன பின்னும் சங்கிலியின் மனம் போகவில்லை என்பதே அவருடைய வழக்கு. நூல்நிலையம் ஊருக்கு வெளியே இருப்பின் அது ஒரு சங்கிலி. மக்கள் வேலையிலிருக்கும்போது திறந்து, அவர்கள் ஓயும்போது மூடினால் அது மற்றொரு சங்கிலி. கைக்கெட்டாத உயரத்தில் அலமாரி அமைந்தால் அதுவும் சங்கிலி. நூல் குறைந்துவிடுமோ என்று அஞ்சி, கேட்பவரைக் கள்வராக நோக்கும் காவலனை நூலகராக அமர்த்தினால் அது எல்லாவற்றினும் வலிய சங்கிலி. இடம், நேரம், தளவாடம், பணியாளர் என நான்காக இவ்விதியை அவர் விரித்துச் செல்லும் முறை, தேற்றம் ஒன்றிலிருந்து கிளைத்தேற்றங்களை வருவிக்கும் கணித முறையேயாகும்.

இரண்டாம் விதிக்கு மட்டும் அவர் மூன்று அதிகாரங்களை ஒதுக்குகின்றார். ஏனைய விதிகளுக்கு ஒவ்வோர் அதிகாரமே. இந்த அளவு வேறுபாடே நூலின் நெஞ்சம் எங்குள்ளது என்பதைக் காட்டிவிடும். செல்வர்க்கும் ஏழைக்கும், ஆடவர்க்கும் பெண்டிர்க்கும், நகரத்தார்க்கும் நாட்டுப்புறத்தார்க்கும், உடல் நலமுற்றார்க்கும் குறையுற்றார்க்கும் நூல் ஒப்பக் கிடைத்தல் வேண்டும் என்று அவர் வாதிடுகின்றார். அதோடு நில்லாது, இவ்விதியால் அரசுக்கும், நூலக ஆட்சியினர்க்கும், பணியாளர்க்கும், வாசகர்க்கும் விளையும் கடமைகளையும் தனித்தனியே பகுக்கின்றார். வாசகர்க்கும் கடமை உண்டு என்பது கருதத்தக்கது. இரவல் பெற்ற நூலைத் தவணை கடந்து வைத்திருப்பவர், முகமறியாத மற்றொரு வாசகரின் நூலைப் பறித்து வைத்திருக்கின்றார். ‘ஒவ்வொருவருக்கும்’ என்னும் சொல் அவரையும் கட்டுப்படுத்துகின்றது.

மூன்றாம் விதி பார்வையை நூலின் பக்கம் திருப்புகின்றது. அடுக்கில் வாசகனின்றிக் கிடக்கும் நூலுக்கு அவ்விதி வாதாடுகின்றது. வாசகர் தாமே சென்று எடுக்கத்தக்க திறந்த அடுக்கு, பொருள்வழி அடுக்குமுறை, செம்மையான பட்டியல், கேட்பார்க்கு வழிகாட்டும் பணி ஆகிய யாவும் இவ்விதியின் வழிவந்தவையே. நான்காம் விதி இவற்றையே காலம் என்னும் அளவுகோலால் மீண்டும் அளக்கின்றது. ஐந்தாம் விதி, நூலும் வாசகரும் பணியாளரும் பெருகுவர் என்பதை முன்னரே எண்ணி அமையாத நூல்நிலையம் நாளடைவில் மூச்சுத் திணறும் என்று எச்சரிக்கின்றது.

நடையின் நலமும் தளர்வும்

இந்நூலைக் கையிலெடுப்போர் எதிர்பாராத ஒன்று, இதன் நாடகப் பாங்கு. விதிகள் இந்நூலில் மாந்தராகவே நடமாடுகின்றன. அவை பேசுகின்றன, வழக்காடுகின்றன, தடை கூறுவோரை வெல்கின்றன. இரண்டாம் விதி நாடுதோறும் சென்று வெற்றி கொள்வதைத் ‘திக்விசயம்’ என்றே பெயரிட்டு ஓர் அதிகாரமாக்கியுள்ளார். ஆங்கில நூலின் அதிகாரத் தலைப்பில் இச்சொல்லைத் துணிந்து இட்டமை, எழுதியவர் எந்த மண்ணிலே கதை கேட்டு வளர்ந்தவர் என்பதைக் காட்டுகின்றது. வறண்ட பொருளை இவ்வாறு உயிர்ப்படுத்தியதால், தொழில் நூல் ஒன்று படிக்கத்தக்க நூலாயிற்று.

ஆயினும் இந்நலமே சிற்சில இடங்களில் குறையாகவும் மாறுகின்றது. திக்விசயம் நாடு நாடாக நீண்டு செல்லுகையில், அவ்வந்நாட்டின் நூலகச் சட்டங்களும் தொகைகளும் அடுக்கடுக்காக வருகின்றன. 1931 இல் அவை செய்தி. இன்றைய வாசகருக்கு அவை வரலாற்றுச் சான்று மட்டுமே. உரையாடல்களிலும் எதிர்ப்பக்கத்தார் எளிதில் தோற்றுவிடுகின்றனர். பணமில்லை என்று சொல்லும் ஆட்சியாளரின் இடர்ப்பாடு, அதற்குரிய வலிமையோடு எடுத்துரைக்கப்பட்டிருப்பின், வெற்றி இன்னும் ஒளி பெற்றிருக்கும்.

‘விதி’ என்னும் பெயரும் ஆராயத்தக்கது. இயற்கை விதி மீறப்படுவதில்லை. எறிந்த கல் விழுந்தே தீரும். இவ்வைந்தில் முதல் நான்கும் நாள்தோறும் மீறப்படுபவை. ஆதலின் அவை நடப்பது இன்னதென்று கூறுவன அல்ல. நடக்கத்தக்கது இன்னதென்று கூறுவன. தமிழ் மரபில் வைத்துச் சொன்னால் அவை அறநூலின் பாற்படும். ஐந்தாவது மட்டும் ஓரளவு இயற்கை விதியை ஒக்கும். விரும்பினும் விரும்பாவிடினும் நூல்கள் பெருகியே தீரும். இருவகைப்பட்டவற்றை ஒரே பெயரால் வழங்கியது, கணித அறிஞர் ஒருவர்க்குப் பொருந்தாத நெகிழ்ச்சி எனலாம்.

இன்னொரு குறை சொல்லாட்சி பற்றியது. இரண்டாம் விதி ஆங்கிலத்தில் வாசகரை ஆண்பாலாகவே சுட்டுகின்றது. அதிகாரமோ பெண்டிர்க்கு நூல் மறுக்கப்பட்டதை வன்மையாகக் கடிகின்றது. விதியின் சொல் சுருங்கியும், அதன் பொருள் விரிந்தும் நிற்கின்றன. பிற்காலத்தார் அச்சுட்டுப் பெயரை மாற்றி வழங்கத் தொடங்கியது முறையே.

முரண்போல் தோன்றும் இரண்டு

மூன்றாம் விதியும் நான்காம் விதியும் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன என்று ஒரு தடை எழுப்பலாம். திறந்த அடுக்கின் முன் நிற்கும் மாணவன், தேடிவந்த நூலை விட்டு வேறு நான்கு நூல்களைப் புரட்டுகின்றான். மூன்றாம் விதி இதனால் மகிழும்; நேரம் காக்கும் நான்காம் விதி வருந்தாதோ? இரங்கநாதன் திறந்த அடுக்கை இரண்டு விதிகளின் கீழும் போற்றுகின்றார். இதற்கு விடை, காக்கப்படும் நேரம் எது என்பதிலே உள்ளது. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரமும், பிழைபட்ட பட்டியலால் அலையும் நேரமும் வீண். அவற்றைக் குறைத்தால், நூலோடு கழியும் நேரம் கூடும். காத்திருப்பைக் குறைத்து வாசிப்பைக் கூட்டுவதே நான்காம் விதியின் நோக்கம் என்று கொள்ளின் முரண் நீங்குகின்றது.

மற்றொரு தடை இத்துணை எளிதில் நீங்குவதன்று. நூல் ஒவ்வொன்றும் வாசகரை அடைதல் வேண்டுமெனில், தீய நூலும் அடைதல் வேண்டுமோ? ஆசிரியர் உடனே கேட்கும் வினா இது. விதியின் சொற்கள் இதற்கு விடை தருவதில்லை. நூலைத் தேர்ந்து வாங்குதல் என்பது விதிக்கு முன்னரே நிகழ வேண்டிய செயல் என்று அமைதி கூறலாம். ஆயினும் தேர்வு செய்வோர் தம் விருப்பையே அளவாகக் கொண்டால், இரண்டாம் விதி பழுதுபடும். தம் சுவையைப் பிறர்மேல் சுமத்தாமலும், கீழ்மையைப் பிறர்க்கு ஊட்டாமலும் தேர்தல் எவ்வாறு என்பதே நூலகரையும் ஆசிரியரையும் ஒருங்கே வாட்டும் வினா. அதனை விதியின் அளவில் இந்நூல் திறந்தே விட்டுவைத்துள்ளது. அதனை நிரப்புதல் ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய பணியாகின்றது.

விதியிலிருந்து செயலுக்கு

எழுதியதோடு நின்ற நூல் அன்று இது. நூல் வெளியான 1931 ஆம் ஆண்டிலேயே, மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி ஒன்று நூல்களைச் சுமந்து ஊர் ஊராகச் செல்லத் தொடங்கியது. நூலைத் தேடி உழவர் வரவியலாவிடின், உழவரைத் தேடி நூல் செல்லுதல் வேண்டும் என்பதற்கு அவ்வண்டி ஒரு கண்கண்ட உரை. 1933 இல் இரங்கநாதனின் கோலன் வகைப்பாடு வெளிவந்தது. ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பகுத்து, வேண்டியவாறு இணைத்துக் குறிக்கும் அம்முறை, இலண்டன் கடையொன்றில் அவர் கண்ட மெக்கானோ என்னும் இணைப்பு விளையாட்டுப் பொருளினால் தூண்டப்பெற்றது என்பர். 1948 இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்துவரியோடு நூலக வரியும் பெற்று மக்களுக்கு நூல்நிலையம் அமைக்க வழிவகுத்த அச்சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது. இரண்டாம் விதி அரசின்மேல் சுமத்திய கடமையை ஓர் அரசு ஏற்றுக்கொண்ட நாள் அது. அவர் 1972 இல் பெங்களூரில் மறைந்தார்.

பின்வந்தோரும் அவரை ஒட்டி எழுதினர். 1995 இல் வால்ட் கிராபர்டு, மைக்கேல் கார்மன் என்னும் இருவர் இயற்றிய நூலில், கணிப்பொறிக் காலத்துக்கேற்ற ஐந்து புதிய விதிகளைக் கார்மன் வகுத்தார். மனித குலத்துக்குத் தொண்டாற்றுதல், அறிவு எவ்வடிவில் வரினும் மதித்தல், கருவிகளை அறிவோடு கையாளுதல், அறிவை அடையும் உரிமையைக் காத்தல், பழமையைப் போற்றிப் புதுமையைப் படைத்தல் என்பன அவற்றின் சாரம். நல்ல கருத்துகளே. எனினும் அவை பெரும் இலட்சியங்களாக நிற்கின்றன. ஒரு மாணவனையும் ஒரு நூலையும் நேருக்கு நேர் நிறுத்தும் ஆற்றல் பழைய ஐந்துக்கே உண்டு.

தமிழ் நூலின் வழக்கு

இந்நூலைத் தமிழாசிரியர் ஏன் பயிலுதல் வேண்டும் என்பதற்கு மூன்றாம் விதியே விடை. கடல் கடந்த நாடுகளில் தமிழ் நூலின் இடர், எழுதப்படாமையினும் அடையப்படாமையே. ஓரிடத்தில் அச்சாகும் நூலின் பெயரை அடுத்த ஊரார் அறியாதிருத்தல் உண்டு. 1966 இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிய அதே ஆண்டில், தனிநாயக அடிகள் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலை ஆங்கிலத்தில் தொகுத்து, மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாகத் தந்தார். அடிகள் தொழிலால் நூலகர் அல்லர்; ஆயினும் நூல் தன் வாசகரை அடைவதற்குப் பட்டியலே பாலம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். சிங்கப்பூரில் 2015 இல், நாட்டு விடுதலையின் ஐம்பதாம் ஆண்டினை ஒட்டி, தமிழன்பர்களும் தேசிய நூலக வாரியமும் இணைந்து சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கியதும் அவ்வழிப்பட்ட செயலே.

இவை பெரிய அளவில் நிகழ்ந்தவை. சிறிய அளவில் நிகழவேண்டியது பள்ளியிலே உள்ளது. வகுப்பறையின் மூலையில் பூட்டிய கண்ணாடி அலமாரி ஒன்று நிற்குமாயின், அதனுள் உள்ள நூல்கள் காட்சிப்பொருள்களே. சாவி எவர் கையில் உள்ளது, அது வாரத்தில் எத்தனை முறை திறக்கப்படுகின்றது, கடந்த ஆண்டு ஒருமுறையேனும் எடுக்கப்படாத நூல்கள் எவை என்று பார்த்தால், ஐந்து விதிகளும் அங்கே வாழ்கின்றனவா என்பது விளங்கிவிடும். நூல் தொலைந்துவிடும் என்னும் அச்சம் பொய்யன்று, சில தொலையும். ஆனால் ஒருவராலும் தொடப்படாத நூல், அலமாரியில் இருந்தவாறே தொலைந்துவிட்டது. முன்னதற்குக் கணக்கு எழுதுவர். பின்னதற்குக் கணக்கு எழுதுவாரில்லை.

நன்னூலார் வகுத்த ஐந்தும் ஆசிரியனையும் மாணாக்கனையும் நூலின் இருபுறமும் நிறுத்தின. நூல் அவ்விருவரிடையே வந்துசேரும் வழியை இரங்கநாதன் வகுத்த ஐந்தும் செப்பனிட்டன. முன்னதைப் பாடமாக ஓதும் தமிழாசிரியர், பின்னதையும் ஒருமுறை ஓதி, பள்ளி அலமாரியின் பூட்டைத் திறப்பாராயின், தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய பாயிரம் தமிழுக்கே பயன்பட்டதாகும்.